என்னைத் தலைகீழாக வாசித்த வட்டை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதை விட, என் வாயால் கேட்டால் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பிக்கிறவன். அதிலும் எதிர்வுகூறல் என் துறை. அடுத்த மாதம் தேங்காய் ஏறுமா, வருகிற போகத்தில் நெல் என்ன விலைக்குப் போகும் என்று இன்றைக்கே கணக்குப் பார்த்துச் சொல்வது. இப்படி ஊருக்கெல்லாம் வருங்காலம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், என் கண்முன்னால் பல போகங்களாக நடந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தைக் காணவில்லை. என் மனைவியின் ஊரான கிரானில் வட்டைக்காரர் முழுப்பேரும் நான் வானொலியில் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். அப்படிச் செய்து நன்றாகவும் இருந்தார்கள். நானோ ஊரில் எனக்குச் செல்வாக்குக் கூடிவிட்டது என்று நினைத்துப் புதுச் சட்டை இரண்டு தைப்பித்து வைத்திருந்தேன்.

வட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, ஒரே வாய்க்கால் தண்ணீரை நம்பிச் சேர்ந்து விதைத்துச் சேர்ந்து அறுக்கிற வயல்வெளியை. அங்கே எதையும் தனியாகச் செய்ய முடியாது. ஒருத்தன் செய்வதை எல்லாரும் செய்வார்கள். என்னைத் தலைகீழாகப் பிடித்ததும் அப்படி எல்லாருமாகச் சேர்ந்துதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு ஒரு துண்டு வெண்கட்டிதான் பொறுப்பு. களுவாஞ்சிக்குடியில் பிறந்து, வீட்டார் எதிர்பார்த்த வைத்தியராகவும் ஆகாமல், பொறியியலாளராகவும் ஆகாமல், கிடைத்த இடத்தில் பொருளியல் படிக்கப் போனவன் நான். முதலாம் வருடத்தில் ஒரு விரிவுரையாளர் அரிசி விலையைக் கரும்பலகையில் கோடாக வரைந்தார். கோடு ஏறி இறங்கி அந்த வருடம் வரை வந்து நின்றது. அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு ஏதாவது ஒரு வங்கியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன். அவர் விடவில்லை. வெண்கட்டியைச் சாய்த்துப் பிடித்து, கோடு நின்ற இடத்திலிருந்து வெறும் பலகைக்குள் புள்ளி புள்ளியாக இழுத்துக்கொண்டு போனார். இன்னும் நடக்காத ஒன்று கரும்பலகையில் வந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் இருந்தவனை உலுக்கி, பாரடா என்றேன். அவன் நித்திரை.

அந்தப் புள்ளிக்கோட்டின் பின்னால் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை. குளிர் நாடொன்றில் போய் முனைவர் பட்டம் எடுத்தேன். திரும்பி வந்து படிப்பித்தேன். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாதா மாதம் பரீட்சை முடிவு வருகிற உத்தியோகம் உலகத்தில் வேறு எது? நான் ஒரு விலையைச் சொல்கிறேன். நாட்கள் போகின்றன. உண்மையான விலை ஒரு காலையில் வந்து நிற்கிறது. அந்தக் காலையில் எனக்குத் தேத்தண்ணீர் இறங்காது. பெரும்பாலும் சித்தியடையமாட்டேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. சொன்னது பிழைத்தால், ஏன் பிழைத்தது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம். என்னுடைய கட்டுரைகளில் அநேகம் அந்த வகை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் அவற்றால்தான். எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தால் இன்னும் உதவி விரிவுரையாளனாகவே இருந்திருப்பேன்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்த ஆண்தான் பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுடையது, கூட வருகிற வயலும் அவளுடையது. அப்படித்தான் நான் புத்தகப் பெட்டிகளோடு கிரானுக்குப் போய்ச் சேர்ந்தேன். மனைவியின் தம்பி, என் மச்சான், அதே வழக்கப்படி சித்தாண்டியில் பெண் எடுத்து அங்கே போய்விட்டான். ஆனால் அவன் செய்கிற வயல் கிரான் வட்டையில். அதனால் காலையில் அவன் வயலுக்கு வருகிற நேரமும் நான் பல்கலைக்கழகம் போகிற நேரமும் ஒன்று. இரண்டு மோட்டார் சைக்கிளும் ரோட்டில் எதிரெதிரே வரும். அவன் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டுவான். நான் மடிக்கணினிப் பையைத் தூக்கிக் காட்டுவேன்.

பிரதேச வானொலி ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலைகளில் விவசாயிகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒவ்வொரு அறுவடைத் தொடக்கத்திலும் என்னைக் கூப்பிட்டு நெல் விலை பற்றிக் கேட்பார்கள். நான் முதன்முதலில் ஏறும் என்றேன். சில நாட்களில் வெளிநாட்டு அரிசி கப்பலில் வந்து இறங்கியது, விலை உட்கார்ந்தது. அடுத்த தடவை இறங்கும் என்றேன். வேறொரு மாவட்டத்தில் வெள்ளம் வந்து விளைந்ததெல்லாம் அழிந்தது, விலை மரத்தில் ஏறியது. அதற்குப் பிறகும் இதே கதைதான். நான் கிழக்கு என்றால் விலை மேற்கு. ஆனால் ஒரு விசேஷம். நான் சொன்னது பிழையாய்ப் போன ஒவ்வொரு போகத்திலும் எங்கள் வீட்டுக்குத் தயிர்ச்சட்டி வந்தது. ஒன்றல்ல, வட்டையின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. தோற்றவனைக் கைவிடாத மக்கள் என்று நெகிழ்ந்துபோய்ச் சீனி போட்டுச் சாப்பிட்டேன்.

இந்தப் பெரும்போகத்துக்கு முன்னால் நான் வேறு மனிதனாகியிருந்தேன். பழைய கணக்கு முறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினேன். என் மாணவர்கள் தங்கள் தங்கள் ஊர்களிலிருந்து ஆலைகளில் எவ்வளவு நெல் கிடக்கிறது, எத்தனை லொறி வந்து நிற்கிறது, எங்கே விதைப்புப் பிந்தியது என்று தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் அதைக் கணினிக்குள் போட்டேன். முடிவு வந்த மத்தியானம் நான் காரியாலய அறையில் ஆடினேன் என்பது உண்மை. பக்கத்து அறைப் பேராசிரியர் சுவரில் தட்டினார். கணினி சொன்னது இவ்வளவுதான். எல்லாரும் அறுக்கிற வெட்டு மெசினின் வாயிலிருந்து வருகிற காயாத பச்சை நெல்லை உடனே விற்பார்கள், அதனால் முதலில் விலை படுத்திருக்கும். காயவைத்துச் சில கிழமை வைத்திருப்பவனுக்கு நல்ல விலை வரும். பழைய போகங்களை எல்லாம் இந்த முறையில் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நான் தோற்ற இடங்களில் எல்லாம் இது வென்றிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொல்வதை நானே நம்பினேன்.

சரியாக அந்தக் கிழமையில்தான் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. மச்சானின் மனைவி. எனக்குத் தங்கச்சி முறை. அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய ஒப்பந்தம் முடியப் போகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கிறாயா, மாத முடிவுக்குள் சொல் என்று அந்த வீட்டு மேடம் கேட்டிருக்கிறாள். சித்தாண்டியில் அவர்களுடைய வீடு சுவரோடு நிற்கிறது. ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டிருக்கிறது. மிச்சத்துக்குக் கூரை போடுகிற அளவுக்கு இந்த வேளாண்மை கைகொடுத்தால் அவள் வந்துவிடுவாள். கொடுக்காவிட்டால் கையெழுத்து. அவள் போகும்போது அரிச்சுவடி பிடித்துக்கொண்டிருந்த மகள் இப்போது தாய்க்குத் தொலைபேசியில் பாடப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறாள்.

"அண்ணா, நெல்லு ஏறுமா, இறங்குமா? நீங்க சொல்லுறத வெச்சித்தான் நான் மேடத்துக்கு மறுமொழி சொல்லணும்."

இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் என்னிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அமைச்சில் கேட்பார்கள், கூட்டத்தில் கேட்பார்கள், அறிக்கையில் போடக் கேட்பார்கள். ஒரு மனுசி வீட்டுக்கு வருவதா விடுவதா என்று கேட்டதில்லை. ஏறும் தங்கச்சி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த வாய் நிற்காது. எந்தக் கணக்கிலும் பிழை வர இடம் உண்டு, அதை நாங்கள் நம்பிக்கை ஆயிடை என்போம், இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் இடையில் விலை விழலாம் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். மறுபக்கத்திலிருந்து ஒரு "ம்" வந்தது. சரி அண்ணா என்று வைத்துவிட்டாள். அந்த "ம்" என்ன சொன்னது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

மச்சானின் வயலில் வெட்டு இறங்கிய காலையில் நான் புதுச் சட்டையோடு போய் வரம்பில் நின்றேன். மெசின் உறுமிக்கொண்டு வர, அதன் பின்னால் கொக்குகள் ஊர்வலம் போல வந்தன. உழவு மெசினின் இழுவைப் பெட்டிக்குள் நெல் கொட்டிய சத்தத்தில் எனக்குக் காது குளிர்ந்தது. ரோட்டுக்கரையில் ஒரு லொறி நின்றது. பச்சை நெல் வாங்குகிறவர் அதன் நிழலில் குந்தியிருந்து வெற்றிலை போட்டார். நான் மச்சானைக் கூப்பிட்டு, விற்காதே, காயவைத்து அடுக்கு, விலை கட்டாயம் ஏறும் என்றேன். நல்லாத் தெரியுமா அத்தான் என்று கேட்டான். இந்த முறை எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்தது. திரும்பி ரோட்டைப் பார்த்து, லொறியைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"என்ன மச்சான், வெச்சிரு எண்டுதானே சொன்னன்?"

"ஓம் அத்தான். அதான் குடுக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. அவன் காலில் இருந்த சேற்றை வரம்பில் தேய்த்தான்.

"கோவிக்கப்படாது அத்தான். நீங்க ஏறும் எண்டா இறங்கும். இறங்கும் எண்டா ஏறும். வட்டை முழுக்க உங்களக் கேட்டுத்தான் நெல்லு விக்கிற."

"அப்ப அந்தத் தயிர்?"

"அது நன்றிக்கு."

மானமுள்ள மனிதன் அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பான். எனக்கு வந்தது வேறு. உச்சந்தலை வரை ஒரு குதூகலம் ஏறியது. ஏனென்றால் வகுப்பில் வருடா வருடம் நான் படிப்பிக்கிறதே இதுதான். எப்போதும் சரியாகச் சொல்கிறவனுக்கும் எப்போதும் பிழையாகச் சொல்கிறவனுக்கும் பெறுமதி ஒன்று. சிலவேளை சரியாகவும் சிலவேளை பிழையாகவும் சொல்கிறவன்தான் பயனில்லாதவன். இதை மாணவர்கள் பரீட்சையில் எழுதமாட்டார்கள். என் வட்டைக்காரர் வகுப்புக்கே வராமல் செய்துகாட்டிவிட்டார்கள். மூன்று நாலு போகத்தை வைத்து அவர்கள் ஒரு விதியைக் கண்டுபிடித்திருந்தார்கள். அது போதாது என்று நான் வாதாட முடியாது. அதைவிடக் குறைந்த தரவை வைத்துக்கொண்டு நான் கட்டுரை அச்சிட்டிருக்கிறேன்.

குதூகலம் பாதியில் நின்றது. இந்த முறை நான் சொன்னது சரி. அப்படியென்றால் இவர்கள் தலைகீழாகப் பிடித்து விற்றுவிடுவார்கள். மச்சானும் விற்பான். கூரை வராது. தங்கச்சி கையெழுத்து வைப்பாள்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, இந்த முறை உண்மையாகவே ஏறும் என்றேன். போன முறையும் இப்படித்தான் கையைப் பிடித்தீர்கள் என்றான். அவள் வருவதும் வராததும் இந்த லொறியில் இருக்கிறது என்றேன். அது தெரிந்ததால்தான் ஆபத்தில்லாத வழியை எடுக்கிறேன் என்றான். லொறிக்காரர் எச்சிலைத் துப்பிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் மச்சான் என்மேல் இரக்கப்பட்டான். வெள்ளிக்கிழமை வரைக்கும் காயவைப்போம், நீங்கள் வானொலியில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்றான். அதாவது மறுபடியும் என் வாயில்தான் வந்து நின்றது.

பச்சை நெல்லை ஓரிடத்தில் குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். எங்கள் பக்கத்தில் அதற்குத் தார் ரோட்டை விட்டால் வேறு இடமில்லை. ஒரு பக்க ரோட்டை முழுதாகப் பிடித்து நெல்லைப் பரப்பினோம். பரப்பிய நெல்லை அடிக்கடி புரட்ட வேண்டும். புரட்டுவதற்குக் கால்தான் ஆயுதம். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நெல்லுக்குள் வாய்க்கால் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். நான் சாரத்தை மடித்துக் கட்டி நடந்துகொண்டிருந்தபோது பல்கலைக்கழக மாணவர் பஸ் வந்தது. வேகத்தைக் குறைத்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சேர், இண்டைக்கு வகுப்பு இருக்கா என்று ஒரு குரல் கேட்டது. இது செய்முறை வகுப்பு என்று கத்தினேன். அடுத்த குரல், சேர் நெல்லு ஏறும் எண்டா சொல்லிருக்கீங்க, ஐயோ பாவம் அந்த நெல்லுக்காரன் என்றது. பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டு போனது. அப்படியானால் மாணவர்களுக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டேன். அவள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஊர் என்னைத் தலைகீழாகப் பிடிப்பது உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"தயிர் நல்லாருந்திச்சு."

அவளுடைய ஆலோசனை கணித ஆசிரியையின் ஆலோசனையாகவே இருந்தது. குறியை மாற்றிச் சொல்லுங்கள், இறங்கும் என்று சொன்னால் எல்லாரும் நெல்லை வைத்திருப்பார்கள், விஷயம் முடிந்தது என்றாள். எவ்வளவு சுலபம். நான் வானொலியில் பொய் சொல்ல வேண்டும். பிறகு விலை ஏறும். வாழ்நாளில் ஒருமுறை சரியாகக் கணித்த நான், ஊர் உலகம் கேட்கப் பிழையாகச் சொன்னவனாகவே பதிவாவேன். இருந்தாலும் தங்கச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. சரி, பொய்யே சொல்வோம் என்று தீர்மானித்தேன். தீர்மானித்த கையோடு மச்சானை அழைத்து, நான் உண்மையைத் தெரிந்துகொண்டேன் என்பதை வட்டையில் யாருக்காவது சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"சொல்லாம? அண்டைக்கே சொல்லிட்டன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்ச."

அதோடு என் மூளை சுழலத் தொடங்கியது. என்னைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். ஆகவே நான் இறங்கும் என்றால், இவர் வேண்டுமென்றே குறியை மாற்றுகிறார், உண்மையில் ஏறும் என்று நினைக்கிறார் என்று கண்டுபிடிப்பார்கள். நான் நினைப்பதோ எப்போதும் பிழை. ஆகவே இறங்கும் என்று முடிவு கட்டி விற்பார்கள். ஏறும் என்றால் பழைய கணக்குப்படியும் விற்பார்கள். ஒருவேளை நான் இரண்டு தரம் மாற்றுவேன் என்று அவர்கள் நினைத்தால்? பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கிளை கிளையாக வரைந்துகொண்டு போனேன். தாள் முடிந்தது. இதுபோன்ற சிக்கலுக்கு எங்கள் துறையில் பெரிய பரிசுகள் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். கிரானில் ஒரு சட்டி தயிர் கொடுப்பார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் மட்டும் கண்ட ஒரு மிருகம் என் வீட்டு வாசலில் வந்து படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வாவிப் பாலத்தைத் தாண்டும்போது காற்று என்னை மோட்டார் சைக்கிளோடு தூக்கப் பார்த்தது. மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது. சித்தாண்டியில் தகரம் போட்ட அந்த ஒரு அறைக்குள் மச்சான் காய்ந்த நெல்லை அடுக்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு முறுக்கினேன். கலையகத்தில் அறிவிப்பாளராக இருந்த பெண் தண்ணீர் தந்து, சேர், எல்லாரும் உங்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்றாள். ஏன் எதிர்பார்க்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும் என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டாள்.

நான் உள்ளதைச் சொன்னேன். நீங்கள் என்னைத் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு மனவருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன் என்றேன். ஆனால் இந்த முறை கணக்கை மாற்றியிருக்கிறேன், எப்படி மாற்றினேன், எந்த எந்த ஊரிலிருந்து என்ன செய்தி வந்தது என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன். நெல் ஏறும், காயவைத்து வையுங்கள் என்றேன். வெறும் வாயை யார் நம்புவார்கள்? பேச்சை நம்பவைக்க வேண்டுமானால் தனக்கே நட்டம் வரக்கூடிய ஒன்றைப் பணயம் வைக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பால பாடம். ஆகவே குரலை உயர்த்தி, என் சொந்த வீட்டு நெல்லில் ஒரு மூட்டை கூட நான் விற்கவில்லை, விலை ஏறும் வரை விற்கவும் மாட்டேன் என்று அறிவித்தேன்.

வெளியே வந்து தொலைபேசியைத் திறந்தால் மனைவியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. திருப்பி எடுத்தேன்.

"நம்மட நெல்ல நான் முந்தநாளே குடுத்திட்டன்."

"என்னத்துக்கு?"

"நீங்க ஏறும் எண்டு சொன்னீங்களே."

வயல் அவளுடையது, நெல் அவளுடையது, நான் குடிவந்தவன். வாதாட இடமில்லை. ஒவ்வொரு போகத்திலும் அவள் இப்படித்தான் செய்து வந்திருக்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. லொறி எங்கள் வாசற்படலையில் நின்று மூட்டை ஏற்றியதைத் தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது. அதே தெரு முழுக்க வானொலியில் நான் விற்கவில்லை என்று சத்தியம் பண்ணியதையும் கேட்டிருக்கிறது. பாலத்தைத் தாண்டி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஊருக்குள் நுழைந்தேன். சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு என்று நினைத்தேன். சிரிப்பதற்கு உட்கார்ந்திருந்தால் வசதி போதாது, அதுதான் காரணம்.

நான் வண்டியைத் திருப்பிச் சித்தாண்டிக்கு விட்டேன். மச்சான் அறை வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒழுக்கு விழுகிற இடத்தில் தார்ப்பாய்ப் படங்கு விரித்திருந்தான். அவன் மகள் மூட்டைகளுக்கு மேல் ஏறி இருந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தாள். விற்கவில்லையா என்றேன். அவன் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தான். சட்டை ஒட்டி, மூக்கில் தண்ணீர் வடிய நான் எப்படி நின்றிருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க பிழையாச் சொல்லக்குள்ள எல்லாம் வடிவாச் சொல்லுவீங்க அத்தான். இண்டைக்கு இவ்வளவு கேவலமாச் சொன்னீங்க. அதால ஏறுமாக்கும் எண்டு வெச்சிட்டன்."

என் ஆய்வு வாழ்க்கையில் கிடைத்த விமர்சனங்களில் இதைவிட நல்லது ஒன்று எனக்கு வந்ததில்லை.

வட்டையில் ஒரு பாதி விற்றது, ஒரு பாதி வைத்தது. என் மூன்றாம் வருட மாணவி ஒருத்தி இதை வைத்தே ஆய்வு செய்யப் போவதாக விண்ணப்பம் தந்திருக்கிறாள். எனக்கு அதில் வேலையில்லை. எனக்கு வேலை காலையில் எழும்பியவுடன் ஆலைக்குத் தொலைபேசி எடுப்பதுதான். முதல் சில நாள் விலை அசையவில்லை. ஆலைக் கிளார்க் என் குரலைக் கேட்டதும், இல்ல சேர், படுத்திருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பிறகு ஒரு காலையில், சேர், கொஞ்சம் எழும்பி இருக்கு என்றார். நான் பல் தீட்டிக்கொண்டிருந்தவன் நுரையோடு முற்றத்துக்கு ஓடினேன். அடுத்த நாளும் எழும்பியது. அதற்கடுத்த நாள் ஒரு சறுக்கு. திரும்ப ஒரு ஏற்றம். புள்ளிக்கோடு உயிர்பிடித்து நடக்கிறது. அதை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்குச் சோறும் இறங்கவில்லை, வகுப்பும் ஓடவில்லை.

ஆனால் கூரைக்குப் போதுமான ஏற்றமா என்றால் இன்னும் இல்லை. மாத முடிவோ நெருங்கிவிட்டது. தங்கச்சி மேடத்துக்குச் சொல்ல வேண்டிய நேரம். வருவதா, இன்னும் இரண்டு வருடமா? நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அவளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். நீளமான பதிவு. விலை நான் சொன்ன பக்கமாகத்தான் நடக்கிறது, ஆனால் நடை மெதுவாக இருக்கிறது, நல்ல விலைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், கணக்குப் பிழையாகவும் இடமுண்டு, என்னை நம்பிக் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து பிறகு என்னைத் திட்டாதே, முடிந்தால் மேடத்திடம் ஒரு கிழமை தவணை கேள் என்றெல்லாம் சொன்னேன். நம்பிக்கை ஆயிடையையும் விடவில்லை. கடைசியில் அடக்க முடியாமல் ஒன்றைக் கேட்டேன். அன்றைக்கு நான் ஏறும் என்று சொன்னபோது நீ "ம்" என்றாயே, அதை நேராக எடுத்தாயா, ஊரில் எல்லாரும் எடுப்பது போலத் தலைகீழாக எடுத்தாயா, அதை மட்டும் எனக்குச் சொல் என்றேன்.

அவள் முழுவதையும் கேட்டு முடித்த நீல அடையாளம் விழுந்தது. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. பிறகு பதில் வந்தது.

"ஊருக்கு டிக்கட் போட்டாச்சு அண்ணா."